மணப்பெண் இடத்தில் உட்கார்ந்து பார்த்த கான்டஸா

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் காந்தம் எடுத்துப் போவார்கள், டார்ச் எடுத்துப் போவார்கள், பிரியாணி வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டி ஒரு மெக்கானிக்கையும் இழுத்துப் போவார்கள். அம்பத்தூர் வெங்கடாபுரத்து அருள்செல்வி கல்யாணக் கவுன் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். அடுக்கடுக்காக வலைத்துணி வைத்துத் தைத்து, கீழே வைத்தால் தானாகவே நிற்கிற வெள்ளைக் கவுன். “இது எதுக்கு?” என்று புருஷன் தேவராஜ் கேட்டதற்கு, “இதுவும் ஏறி உக்காந்து பாக்கணும்ல?” என்றாள். சிரிக்காதீர்கள். அந்தக் கவுன் மட்டும் அன்றைக்குக் கூட வராமல் இருந்திருந்தால், போனவர்கள் அத்தனை பேரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் திரும்பியிருப்பார்கள்.

இது நடந்தது தொண்ணூற்று நாலில். அருள்செல்வி ஆவடியில், டாங்க் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடம் முடித்ததும் தையல் படித்தாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் எடுத்துவிட்டாள். எதற்கு என்று கேட்டால், “ஆசையா இருந்துச்சு, எடுத்தேன்” என்பாள். ஆசைப்படுவதற்குக்கூடவா காரணம் சொல்ல வேண்டும்? வாழ வந்த வீட்டில் அந்த லைசென்ஸ் பீரோவுக்குள் கிடந்தது. ஆனால் அவள் விடவில்லை. எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் டிரைவிங் ஸ்கூல் அம்பாசடரை வாடகை பேசி ஓட்டிவிட்டு வருவாள். கை மறந்துவிடக் கூடாதாம்.

கிறிஸ்தவக் கல்யாணங்களுக்குத் தைப்பதுதான் அவள் தொழில். பட்டுச் சேலைக்கு ரவிக்கை, தலைக்குப் போடுகிற நெட், பூ தூவும் குழந்தைகளுக்கு ஃபிராக், கேட்பவர்களுக்குக் கவுன். ராத்திரி பகலாகத் தைத்து, இஸ்திரி போட்டு, மணப்பெண்ணுக்கு மாட்டிவிட்டு அனுப்புவாள். அந்தப் பெண்ணை ஒரு அம்பாசடரில் இரண்டு அத்தைக்கும் ஒரு சித்திக்கும் நடுவில் திணித்துக் கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள். இறங்கும்போது கவுன் பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க அருள்செல்விக்கு வயிறு எரியும். அப்படி எரிந்த ஒரு நாளில்தான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. அகலமான பின்சீட்டு வைத்த ஒரு கான்டஸாவை வாங்கிவிட வேண்டும். கவுனும் தன்னுடையது, காரும் தன்னுடையது, ஓட்டுவதும் தான்தான்!

தேவராஜ் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. அவனுக்கு இதில் சந்தோஷம்தான். குறுக்கே நின்றது அவனுடைய அண்ணன் ராயப்பன். அம்பத்தூர் ஓ.டி. டாக்ஸி ஸ்டாண்டில் அம்பாசடர் ஓட்டுகிறவர். அந்தக் குடும்பத்தில் சைக்கிள் வாங்குவதானாலும் அவர் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

“வண்டி வாங்கு, நான் வேணாங்கல,” என்றார் ராயப்பன். “ஆனா நீ ஓட்டுனா எவன்மா பொண்ணை நம்பி ஏத்துவான்? ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆவாது. நம்ம ஸ்டாண்டுல ஒரு ஆளைப் போட்டுக்கலாம். நீ பேசாம மிஷினைப் பாரு.”

“கையில வெண்ணெயை வச்சிக்கினு நெய்க்கு ஏன் மாமா அலையணும்?” என்று அருள்செல்வி கேட்டாள். தேவராஜ் அண்ணனையும் பார்த்தான், பெண்டாட்டியையும் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அவளுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. கார் கிடைத்தும் ஸ்டியரிங் கிடைக்காவிட்டால் அந்தக் கார் யாருக்கு வேண்டும்?

நசரத்பேட்டையில் பெங்களூர் ரோட்டோரம் புரோக்கர் துலுக்கானத்தின் ஷெட். அங்கே நின்றது வண்டி. கருநீலம். நீளமும் அகலமுமாக, சும்மா நிற்கும்போதே ஓடுகிற மாதிரி ஒரு தோரணை. அருள்செல்விக்குப் பார்த்ததும் மனசு அதன் மேல் போய்விட்டது.

ராயப்பன் ஆரம்பித்தார். குறை சொல்லக் கூடாது, மனுஷர் வண்டி பார்ப்பதே ஒரு அழகுதான். பானெட்டைத் திறந்து ஆயில் மூடியைக் கழற்றி மோந்து பார்த்தார். இஞ்சினை ஓடவிட்டு, சைலன்சர் முன்னால் உள்ளங்கையை நீட்டி, கரி ஒட்டுகிறதா என்று பார்த்தார். பாடி முழுக்கத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கடைசியில் டயரை உதைத்தார். “இஞ்சின் ராஜா. பாடி சுத்தம். எங்கயும் அடிபடல,” என்றார்.

“அண்ணாத்தே, நீ சொன்னா சரிதான்,” என்று பல்லைக் காட்டினான் துலுக்கானம். “ஒரு ரவுண்டு பூந்தமல்லி வரைக்கும் போய்ட்டு வா. ஏசி போடறேன், பாட்டு போடறேன்.”

ராயப்பன் ஓட்ட, துலுக்கானம் பக்கத்தில். தேவராஜ் பின்சீட்டில் ஜன்னலோரமாக ஒடுங்கிக்கொண்டான். அருள்செல்வி சேலைக்கு மேலேயே கவுனை விரித்துப் பிடித்துக்கொண்டு பின்சீட்டின் நட்டநடுவில், மணப்பெண் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் பார்த்த துலுக்கானம் சிரித்த சிரிப்பில் அவனுக்கு இருமலே வந்துவிட்டது. சிரிக்கட்டும். கவுன் இரண்டு பக்கமும் கசங்காமல் படர்ந்து உட்கார்ந்தது. அவளுக்கு அதுதான் வேண்டும்.

கான்டஸாவில் இஞ்சின் முன்னால் இருக்கிறது, வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். நடுவில் வண்டியின் வயிற்றுக்கு அடியில் நீளமாக ஒரு தண்டு ஓடி, பின்சீட்டுக்குக் கீழே ஒரு இரும்புக் குடுக்கைக்குள் போய் முடிகிறது. அந்தக் குடுக்கைக்குள்தான் கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரம். முன்னால் உட்காருகிற ஆண்கள் இஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள். அந்தப் பல்சக்கரத்துக்கு நேர் மேலே யார் உட்காருவது? பெண்டு பிள்ளைகள்தான்.

போகும்போது ஒன்றும் இல்லை. பூந்தமல்லியில் திரும்பி, வரும் வழியில் பாதி தூரம் வந்ததும் அருள்செல்விக்கு உட்கார்ந்த இடத்தில் ஒரு அதிர்வு. தையல் மிஷினில் பெல்ட் தேய்ந்தால் முதலில் காலுக்குத் தெரியும், அப்புறம்தான் காதுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான் இருந்தது.

“மாமா, பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க. அடியில இருந்து சத்தம் வருது.”

“சத்தமா? அது ரோட்டு சத்தம்மா,” என்று துலுக்கானம் பாட்டை இன்னும் ஒரு படி ஏற்றினான்.

“ரோட்டு சத்தம் இல்லைங்க. மிதிச்சா வருது, காலை எடுத்தா போயிடுது.”

ராயப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் ராஜா என்று சொன்ன வண்டியை, அதுவும் புரோக்கர் எதிரில், தம்பி பெண்டாட்டி நொட்டை சொல்வதா? ஷெட் வாசலில் சடாரென்று நிறுத்திவிட்டு இறங்கினார்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! சரி, நீயே ஓட்டு. பின்னாடி நான் உக்காந்து கேக்கறேன். சத்தம்னு ஒண்ணு வந்தா இந்த வண்டிக்கு நீதான் டிரைவர், நான் வாயைத் தொறக்க மாட்டேன். வரலன்னா இனிமே ஸ்டியரிங் பேச்சையே எடுக்கக் கூடாது. இன்னா சொல்ற?”

“சரி மாமா,” என்றாள் அருள்செல்வி. கவுனை மடித்து ராயப்பனிடம் நீட்டினாள். “நடுவுல உக்காருங்க. கசங்காம பாத்துக்குங்க.”

முதலில் என்ன ஆயிற்று தெரியுமா? கிளட்சை விட்டாள், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. துலுக்கானம் வாய்விட்டுச் சிரித்தான். ராயப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அருள்செல்விக்குக் காது மடல் சுட்டது. அப்போது பின்னாலிருந்து தேவராஜ், “மெதுவா விடு அருளு, அவசரமே இல்ல,” என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆனால் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். அது போதும் அவளுக்கு. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். வண்டி கிளம்பியது.

பூந்தமல்லி பக்கம் திருப்பாமல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திருப்பினாள். “அட, அந்தப் பக்கம் எங்கம்மா?” என்று பதறினான் துலுக்கானம். பாட்டை அவளே அணைத்தாள், ஏசியையும் அணைத்தாள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ரோடு காலியாகக் கிடந்தது. மூன்றிலிருந்து நாலு போட்டு மிதித்தாள். அம்மாடி! அம்பாசடர் முக்கி முனகி இழுக்கும். இது முதுகில் கை வைத்துத் தள்ளியது. ரோட்டோரத்து மரங்கள் எல்லாம் சர்ரு சர்ரென்று பின்னால் போயின. இத்தனை வருஷம் பீரோவில் பூட்டி வைத்த ஆசை அவள் பாதத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. பயமே இல்லை. சிரிப்புதான் வந்தது.

தண்டலம் தாண்டுவதற்குள் பின்சீட்டுக்கு அடியில் ‘ஊ...’ என்று ஒரு ஊளை ஆரம்பித்தது. மிதித்தால் ஏறியது, காலை எடுத்தால் அடங்கியது. அவள் வேண்டுமென்றே மிதித்து மிதித்து எடுத்தாள். கண்ணாடியில் பார்த்தாள். மடியில் வெள்ளைக் கவுனோடு, ராயப்பன் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது.

“ஓரம் கட்டு,” என்றார்.

டிக்கியிலிருந்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு, வெள்ளை வேட்டியோடு வண்டிக்கு அடியில் புகுந்தார். இரும்புக் குடுக்கையின் ஆயில் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தார். ஆயிலோடு சேர்ந்து மரத்தூள் வந்தது. பல் தேய்ந்த கிரவுனில் மரத்தூளைக் கொட்டி வைத்தால் கொஞ்ச தூரம் சத்தத்தை அமுக்கிப் பிடிக்கும். சூடு ஏறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால்தான் பூந்தமல்லி வரைக்கும் ஒரு ரவுண்டு!

“டேய் துலுக்கானம்! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்டு, என்கிட்டயே அண்ணாத்தே நொண்ணாத்தேன்றியா?” என்று எழுந்து வந்த ராயப்பன், கோபத்தில் கையைத் துடைக்கத் துணி தேடிச் சீட்டில் கிடந்த கவுனை எட்டி எடுக்கப் போனார். அருள்செல்வி போட்ட கூச்சலில் ரோட்டில் போன சைக்கிள்காரன் இறங்கியே விட்டான்.

“வா அருளு, பஸ் புடிச்சிப் போலாம். இந்த வண்டி நமக்கு வேணாம்,” என்றார் ராயப்பன்.

“ஏன் மாமா வேணாம்? இஞ்சின் ராஜா, பாடி சுத்தம்னு நீங்கதானே சொன்னீங்க? அது பொய்யா?”

“பொய் இல்ல. மத்ததெல்லாம் தங்கம்.”

“அப்போ கிரவுனை இவரு செலவுல புதுசா மாத்தித் தரட்டும். உங்க கண்ணு முன்னாடியே மாத்தணும். அப்புறம் வண்டி எனக்கு.” துலுக்கானம் முணுமுணுத்தான். ராயப்பன் அந்த எண்ணெய்க் கையை அவன் சட்டைக்கு நேராக நீட்டியதும் ஒத்துக்கொண்டான்.

வண்டி வீட்டுக்கு வந்தது. ஆனாலும் அருள்செல்விக்கு ஒரு சந்தேகம். ஷெட் வாசலில் ராயப்பன் ரோஷத்தில் கொடுத்த வாக்கு. நாலு பேர் எதிரில் நிற்குமா?

முதல் சவாரி பருத்திப்பட்டில். டாங்க் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் டேவிட்டின் மகள் தெரசாவுக்குக் கல்யாணம். கவுனும் அருள்செல்வி தைத்ததுதான். சொந்தக்காரர்களை ஏற்றிப்போக ராயப்பனும் தன் அம்பாசடரோடு வந்திருந்தார். பூமாலை சுற்றிய கான்டஸாவுக்குள் டேவிட் எட்டிப் பார்த்தார். “டிரைவர் எங்கம்மா?”

“நான்தான் சார்.”

டேவிட்டின் முகம் சுருங்கியது. சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ராயப்பன் பக்கம் திரும்பினார். “என்னங்க இது? நல்ல காரியம், நீங்க ஓட்டிடுங்களேன். சாவியை வாங்கிக்கிங்க.”

அருள்செல்வி சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தாள். இன்று ராயப்பன் கை நீண்டு அதை வாங்கிக்கொண்டால் இனி எல்லாக் கல்யாணத்துக்கும் வாங்கிக்கொள்ளும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். தேவராஜ் ஓரடி முன்னால் வந்தான். ராயப்பன் மோவாயைத் தடவினார்.

“சார், நான் ஓட்டுனா வண்டி போவும்,” என்றார். “ஆனா இந்த வண்டி வயித்துல இன்னா கீதுன்னு எனக்கே தெரியல, அருளுக்குத்தான் தெரிஞ்சிது. நாளைக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம்னாலும் அருளைத்தான் ஓட்டச் சொல்லுவேன். டைம் ஆவுது, பொண்ணை ஏத்துங்க.” சொல்லிவிட்டுத் தானே பின்கதவைத் திறந்து பிடித்தார்.

தெரசா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். “போலாம் ஆன்ட்டி!” என்றாள்.

ஆவடி ரோட்டில் கான்டஸா சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அருள்செல்விக்குக் கண் நிறைந்து ரோடு மங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு நாலாவது கியர் போட்டாள். கோயில் வாசலில் திரும்பும்போது, நிறுத்துவதற்கு முன்னால், ஹாரனில் கையை வைத்து நீளமாக ஒரு அழுத்து அழுத்தினாள். பங்குச் சாமியார் பதறிப்போய் வெளியே எட்டிப் பார்த்தார். அருள்செல்வி இன்னொரு தடவையும் அழுத்தினாள்.