கொட்டகைக்குள் சிரித்த அமைச்சர்

எங்கள் பக்கத்தில் ஒரு வாய்க்காலைத் தாண்டினால் தொகுதி மாறிவிடும். இந்தக் கரையில் நாங்கள். அந்தக் கரையில், கரிக்கலாம்பாக்கம் போகிற சாலையில், பெரியப்பா வீடு. இரண்டு தொகுதியிலும் ஒரே கட்சிதான் ஜெயித்திருந்தது. முதல்வர் தான் மட்டும் பதவியேற்றுவிட்டு, அமைச்சர்கள் யார் என்று சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

பட்டியல் வந்த பிறகு பேனர் வைத்தால் கூட்டத்தில் காணாமல் போய்விடும் என்று அப்பா முந்திக்கொண்டு அடித்துவிட்டார். ‘மாண்புமிகு அமைச்சர்’ என்ற எழுத்துக்குக் கீழே எங்கள் எம்.எல்.ஏ. கும்பிட்டுச் சிரித்தார். மூலையில் அப்பா, பக்கத்தில் ரெட்டை ஜடையோடு நான்.

பட்டியலில் வந்தது பெரியப்பாவின் எம்.எல்.ஏ. பெயர். வாய்க்கால் பாலத்து முனையில் அவருடைய பேனர் ஏறியது. அதன் மூலையில் பெரியப்பா மகள், என்னைவிட ஒரு வயது மூத்த அக்கா, பட்டுப்பாவாடையில் நின்றாள். எங்கள் பேனரை அப்பா மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாக விரித்துக் கட்டினார், படம் உள்பக்கமாக.

“இன்னாடி, உன் பேனர மாடு படிக்குதா?” என்று பள்ளிப் பேருந்தில் எல்லோருக்கும் கேட்கும்படி அக்கா கேட்டாள். அதன்பின் பாலம் வரும்போதெல்லாம் நான் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். பெரியப்பாவுக்கு அரசாங்கத்தில் தினக்கூலி வேலையும் கிடைத்தது. வவுச்சர் வேலை என்பார்கள். அது அப்பாவை உறுத்தியிருக்கலாம். என்னை உறுத்தியது பட்டுப்பாவாடைதான்.

பிறகு அமைச்சரவையை மாற்றினார்கள். அவர்கள் ஆள் போய் எங்கள் ஆள் வந்தார். அப்பா கொட்டகைமேல் ஏறிப் பேனரை இறக்கி, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தார். வெயில் படாததால் அமைச்சர் சாயம் போகாமல் இருந்தார். என் கன்னத்தில் மட்டும் ஒரு சாணிக்கறை போகவே இல்லை. அவர்கள் பேனர் இருந்த அதே பாலத்து முனையில், அதே கம்பங்களில் கட்டினோம்.

கட்டிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா அக்காவை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். நான் ஓடிப்போய் என் படத்துக்குக் கீழே நின்றுகொண்டேன்.

“வவுச்சர் ஆளுங்கள நிறுத்திட்டாங்கடா. உங்க ஆளாண்ட ஒரு வார்த்த சொல்லேன்” என்றார் பெரியப்பா.

அப்பா கயிற்றைப் பல்லில் கடித்து, முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். “பாக்கலாம்ண்ணே. எனக்கே இன்னும் ஒன்னும் ஆவல.”

சாணிக்கறையை அக்கா கிண்டல் செய்வாள் என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ என் படத்தைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறாமையில் பேச்சு வரவில்லை அவளுக்கு என்று நினைத்தேன். வீடு திரும்பும்வரை அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.