யாரு போட்ட முடிச்சு

ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த காலம். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் அங்கமுத்து என்றொரு மீனவர் இருந்தார். மீன் பிடிப்பதில் அவர் சுமார்தான். ஆனால் கோழி காணாமல் போனாலும் துடுப்பு காணாமல் போனாலும் ஜனங்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். "யாரு?" என்று கேட்டுக்கொண்டு ஊரெல்லாம் மூக்கை நுழைப்பார். கடைசியில் ஆள் அகப்பட்டுவிடுவான்.

அந்தக் கதையைக் கேட்கக் குப்பமே கூடும். கோழி குழம்பாகிப் போயிருந்தாலும், எடுத்தவன் பெயர் தெரிந்ததும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. "கோழி போனா போவுது, கத கெடைச்சுதே இவங்களுக்கு" என்பாள் அவர் மனைவி லோகநாயகி.

அங்கமுத்துவுக்குக் கைகொடுத்தது முடிச்சு. அந்தக் கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் கயிற்றில் போட ஒரு தனி முடிச்சு உண்டு. முடிச்சைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவார்கள். ஆள் பொய் சொல்வான், முடிச்சு சொல்லாது என்று மனமார நம்பினார்கள்.

ஓர் ஐப்பசியில், ஏரியில் நட்ட கழிகளில் கட்டியிருந்த வலைகள் காணாமல் போயின. யாரும் அறுக்கவில்லை, பொறுமையாக அவிழ்த்திருந்தார்கள். கழியில் மிஞ்சிய கயிற்றில் தங்கவேலின் முடிச்சு இருந்தது. தங்கவேலுக்கு வலையே கிடையாது. ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைப்பவன்.

குப்பத்துத் தலைவர் தேசப்பன் அவனைத் தன் மாட்டுக்கொட்டகையில் கட்டிப்போட்டார். குற்றம் உறுதியானால் அவன் குடும்பம் இனி ஏரியில் இறங்கக் கூடாது. அவன் மனைவி எல்லம்மா அங்கமுத்துவிடம் ஓடி வந்தாள்.

"ஏரி இல்லன்னா எங்களுக்கு இன்னா இருக்குது அண்ணா?"

அங்கமுத்துவுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. உள்ளூரக் கொஞ்சம் குஷியும் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இப்படியொரு வழக்கு அவருக்குக் கிடைத்ததே இல்லை.

உச்சி வெயிலில் வலைகள் போன இடத்துக்குத் தனியாகப் படகைத் தள்ளிப் போனார். அங்கே எப்போதும் இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் ஊன்றிய கோல் தரையைத் தொடவில்லை. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார். கயிறு முழுதும் போயிற்று. நங்கூரக் கயிற்றையும் சேர்த்துக் கட்டி விட்டார், அதுவும் போயிற்று.

இழுத்தபோது கல் இல்லை. கல் இருந்த இடத்தில் தங்கவேலின் முடிச்சு. தங்கவேலோ கொட்டகையில் கட்டுண்டு கிடக்கிறான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை வேறு படகில்லை.

அதை அவிழ்த்துவிட்டு மறுபடி இறக்கினார். இந்த முறை வந்தது அவருடைய முடிச்சு, அவர் நைனா சொல்லிக்கொடுத்தது. கொஞ்சம் தளர்வாக இருந்தது. இன்னொரு முறை விட்டுப் பார்த்தார். அவரே போட்டதுபோல் இறுக்கமாக வந்தது. கீழே ஏதோ ஒன்று பழகிக்கொண்டிருந்தது.

"யாரு?" என்று கேட்க வாயைத் திறந்தார். கேட்காமலே கயிற்றைச் சுருட்டிப் படகில் போட்டார். கோபமோ பசியோ பகையோ இருந்தால்தானே ஆள் என்று சொல்ல முடியும்? கீழே இருந்ததற்கு அவரும் ஒன்றுதான், கல்லும் ஒன்றுதான். வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்வி அங்கே செல்லாது என்பதுதான் அவரை நடுங்க வைத்தது.

பஞ்சாயத்தில் குப்பமே கதை கேட்க உட்கார்ந்திருந்தது. ஆளே இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தங்கவேல் தலையில்தான் விடியும். நம்பிவிட்டாலோ, நாளைக்கு ஏரியில் இறங்க யாருக்குத் துணிவு வரும்? அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும். அங்கமுத்து கயிற்றை நடுவில் போட்டார்.

தேசப்பன் எடுத்துப் பார்த்தார். "இது உன் முடிச்சாச்சே."

"ஆமா. தங்கவேல் முடிச்சயும் நான்தான் போட்டேன். வலைய அந்த எடத்துலயே முழுகடிச்சுட்டேன். பாவம் பட்ட எடம், அங்க இனிமே கழி நடாதீங்க."

கூட்டம் பெருமூச்சு விட்டது. "நான் அப்பவே நெனச்சேன்" என்றது ஒரு குரல். கட்டவிழ்ந்த தங்கவேல் அவர் முகத்தில் காறித் துப்பிவிட்டுப் போனான். கழிகள் இடம் மாறின, அதற்குப்பின் வலை எதுவும் போகவில்லை.

ஏரி மறுக்கப்பட்ட அங்கமுத்து கோட்டையில் துணி மூட்டை சுமந்து பிழைத்தார். கயிறு கட்ட வேண்டி வந்தால் அடுத்தவரிடம் நீட்டிவிடுவார், தான் முடிச்சுப் போடமாட்டார்.

லோகநாயகிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "நீ பண்ணலன்னு எனக்குத் தெரியும். யாருன்னு எங்கிட்டயாவது சொல்லு" என்றாள்.

"யாருன்னு மட்டும் கேக்காத, லோகு" என்றார் அங்கமுத்து.