பாடியா லென்ஸா என்று கேட்டு விழிஞ்ஞம் வரை

காலை 6.40. குழித்துறையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாசஞ்சரில் ஆளுக்குப் பத்து ரூபாய். என்னுடன் வந்தவர் மைனி, என் அண்ணன் மனைவி கிருபா. மடியில் என் பழைய கேமராப் பை. அவர் கைப்பையின் உள்ளறையில் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய். பாதி அவர் தையலில் சேர்த்தது, மீதி நான் பள்ளிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது.

மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளியில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். இரண்டு வருடமாக மைனியும் நானும் சேர்ந்து ஞானஸ்நானம், பிறந்தநாள், சிறிய கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறோம். கேமரா எனக்கு. ஆட்களைச் சிரிக்கவைத்து, சரியான இடத்தில் நிறுத்தி, அழுகிற குழந்தையை அடக்குவது மைனி. எட்டு வயதான அந்தக் கேமராவுக்கு, வாங்கும்போது கூடவே வந்த சாதாரண லென்ஸ் ஒன்றுதான் உண்டு. இப்போது கேள்வி இதுதான்: இருக்கிற பணத்துக்குப் புதிய பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா மட்டும், வாங்குவதா, பழைய பாடியை வைத்துக்கொண்டு நல்ல லென்ஸ்கள் வாங்குவதா? பாடி என்றேன் நான். லென்ஸ் என்றார் மைனி, யாரோ ஒரு வீடியோவில் சொல்லக் கேட்டு. பாறசாலை தாண்டும்வரை இதையே பேசினோம்.

8.05. தம்பானூரில் இறங்கி, ஓவர்பிரிட்ஜ் வழியாக நடந்து, பழவங்காடியில் இட்டிலியும் காப்பியும் சாப்பிட்டோம். இருவருக்கும் நூற்றிருபது ரூபாய். கடை திறக்கப் பத்து மணி ஆகும் என்பதால் கிழக்கேகோட்டைக் குளத்தங்கரையில் கொஞ்சம் நின்றோம். காலை வெயில் படிகளில் சாய்வாக விழுந்திருந்தது. நான் நாலைந்து படம் எடுத்தேன். இந்த வெளிச்சத்தில் என் பழைய கேமராவும் அழகாகவே எடுத்தது. நல்ல வெளிச்சத்தில் எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான் என்று மைனி சொன்னார்.

10.10. சாலை பஜாரின் பக்கச் சந்து ஒன்றில் மாடியேறிப் போகும் கடை. பழைய கேமராக்களை வாங்கி விற்பதும் வாடகைக்கு விடுவதும் தொழில். நடத்துபவர் முருகேசன், நாற்பது வயதிருக்கும். குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இந்தச் சாலை பஜாரில் ஜவுளிக் கடை வைத்தது. அவருக்கு மட்டும் புத்தி கேமராவில் போயிற்று என்று அவரே சொல்லிக்கொண்டார்.

மேசைமேல் மூன்று பொருட்களை வைத்தார். மூன்று வருடம் பழகிய ஒரு பாடி, நாற்பத்திரண்டாயிரம். என் லென்ஸ் அதில் பொருந்தும். பிறகு இரண்டு லென்ஸ்கள்: கல்யாண வீட்டுக்கு ஆகும் ஒரு ஜூம், பதினெட்டாயிரம், உள்ளங்கையில் அடங்கும் ஐம்பது எம்எம் லென்ஸ் ஒன்று, ஆறாயிரம். சின்ன லென்ஸின் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினார். என் லென்ஸை அதே அளவு இழுத்து வைத்தால் உள்ளே வரும் வெளிச்சத்தைவிட, இதில் ஒன்பது மடங்குக்கு மேல் வரும் என்றார். ஒன்பது மடங்கு என்பதை நம்ப மைனிக்குச் சற்று நேரம் பிடித்தது. இரண்டு கண்ணாடிகளையும் மாற்றி மாற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பிறகு முருகேசன் என்னிடம் கேட்டார்: "சேச்சி, கெட்டுப்போன படம் ஒண்ணு காணிச்சுத் தாங்க. எது கொறவுன்னு தெரியாம நான் எப்படிச் சொல்றது, அல்லே?"

கார்டில் இல்லை என்று சொன்னேன். அது பொய்.

இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் தெருவில் பிரின்ஸி என்ற பெண்ணின் குழந்தைக்குச் சபைக் கோயிலில் ஞானஸ்நானம். போதகர் தலையில் தண்ணீர் விட்ட நொடியில் நான் எடுத்த பன்னிரண்டு படமும் கலங்கிப்போயின. கேமரா பழசு, இருட்டில் இழுக்கவில்லை என்றேன். எல்லோரும் நம்பினார்கள். ஆனால் மறுநாள் பள்ளிக் கம்ப்யூட்டரில் பார்த்தபோதே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆராதனைக்கு முன் ஆளில்லாத பீடத்தைப் படமெடுக்க ஷட்டர் வேகத்தை நொடியில் பதினைந்தில் ஒரு பங்குக்குக் குறைத்திருந்தேன். திரும்ப ஏற்ற மறந்துபோனேன். அந்த வேகத்தில் அசைகிற எதுவும் கலங்கத்தான் செய்யும். புதிய பாடி வாங்கிவிட்டால் பழையதுதான் குற்றவாளி என்று ஆகிவிடும். எனக்குப் பாடி வேண்டியிருந்ததன் காரணம் அதுதான்.

முருகேசன் வற்புறுத்தவில்லை. மூன்றையும் அரைநாள் வாடகைக்குத் தருகிறேன், வெயிலிலும் நிழலிலும் எடுத்துப் பாருங்கள் என்றார். வாடகை எழுநூறு ரூபாய், வாங்கினால் கழித்துக்கொள்வார். ஆதார் அட்டையைக் கொடுத்துவிட்டு இறங்கினோம்.

11.30. கிழக்கேகோட்டையிலிருந்து விழிஞ்ஞத்துக்குப் பஸ். சுமார் பதினாறு கிலோமீட்டர், ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். புதுத் துறைமுகத்தின் கிரேன்களைப் பார்க்க வேண்டும் என்பது மைனியின் ஆசை. மீன்பிடித் துறையில் இறங்கியதுமே தெரிந்தன. கடலுக்கு மேல் வரிசையாக நிற்கும் அவற்றின் கீழே வள்ளங்கள் செருப்புகளைப்போலக் கிடந்தன. வெயிலில் இரண்டு பாடியையும் மாற்றி எடுத்தேன். படங்களில் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

12.45. சாலையோரத்தில் ஒரு சாயாக்கடை. தகரக்கூரை, ஒரே ஒரு பல்பு. உள்ளே கோயில் இருட்டு. சாயா ஆற்றுபவரிடம் படம் எடுக்கலாமா என்று மைனி மலையாளத்தில் கேட்டார். எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள், சாயா குடித்தால் போதும் என்றார் அவர்.

வாடகைக்கு எடுத்த பாடியில் என் பழைய லென்ஸைப் போட்டு எடுத்தேன். படம் சுத்தமாக வந்தது. இருட்டில் படத்தில் விழும் புள்ளிகள் குறைவு. ஆனாலும் அறுபதில் ஒரு பங்கு வேகத்துக்கு மேல் போக முடியவில்லை. ஆற்றுகிறவரின் கை கலங்கியது. பிறகு என் பழைய பாடியில் சின்ன லென்ஸ். வேகம் நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கைத் தாண்டியது. விழுகிற சாயா ஒரு கோடாக நின்றது, முகத்தில் வியர்வைத் துளிகூடத் தெரிந்தது. ஆனால் பத்தில் மூன்று படம் குறி தப்பியிருந்தது. மூக்கு துல்லியமாக இருந்தால் காது மங்கியிருந்தது. இந்த எண்களை எல்லாம் மைனிக்கு ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன்.

மைனி கேட்டார்: "அப்பம் அண்ணைக்கு அந்தப் பிள்ளைய எடுத்தப்பம் என்ன வேகம்?"

அதற்குமேல் முடியவில்லை. "படம் எல்லாம் இந்தக் கார்டுலதான் இருக்கு மைனி. கேமரா மேல தப்பில்ல. நான்தான் வேகத்தை மாத்த மறந்துட்டேன். மறுநாளே தெரியும்."

அவர் சாயா கிளாஸை மேசைமேல் வைத்தார். "நான் போதகர் பக்கத்துல போய் நின்னு ஒனக்க வெளிச்சத்த மறைச்சுட்டேனோன்னு ரெண்டு மாசமா நெனச்சுக்கிட்டிருக்கேன், ஜெபா."

எழுந்து வெளியே போய்விட்டார். துறையின் தடுப்புச் சுவர் வரைக்கும் நடந்து, கிரேன்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். பின்னால் போக எனக்குத் தைரியமில்லை. சாயாவுக்குப் பணம் கொடுத்துவிட்டு, பொருட்களைத் துடைத்துப் பையில் வைத்தேன். கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். முகம் இறுகியிருந்தது.

"இப்பம் சொல்லு. நெஜமாட்டு நமக்கு எது வேணும்?"

முதல்முறையாக அதை நேராக யோசித்தேன். எங்களுக்கு வருவதெல்லாம் கோயிலும் மண்டபமும். வெளிச்சம்தான் எங்கள் குறை, அதைக் கொண்டுவருவது லென்ஸ். குறி தப்புவது இருக்கத்தான் செய்யும், கூடுதலாக எடுத்துச் சமாளிக்கலாம். ஓடுகிற குழந்தைகளை மட்டுமே எடுப்பவர்களாக இருந்தால், குறி தப்பாமல் பிடிக்கும் புதிய பாடிதான் என்றிருப்பேன். இதையெல்லாம் சொன்னேன். மைனி தலையாட்டினார்.

3.20. மறுபடியும் சாலை பஜார். கெட்டுப்போன படத்தை முருகேசனிடம் நானே எடுத்துக் காட்டினேன். மூலையிலிருந்த வேக எண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு லென்ஸையும் எடுத்துக்கொண்டோம். வாடகை கழித்து இருபத்துமூவாயிரத்து முந்நூறு. மீதி அப்படியே மைனியின் கைப்பைக்குத் திரும்பிப் போயிற்று.

5.30 ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நெய்யாற்றின்கரை தாண்டியதும் மைனி தன் போனில் பிரின்ஸியை அழைத்து என் கையில் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். எதிர்முனையில் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. பிறகு பிரின்ஸி சொன்னாள்: "சொன்னது நல்லதுக்கா. ஆனா தங்கச்சி கல்யாணத்துக்கு வேற ஆளு பேசியாச்சு. அம்மாவுக்கு இஷ்டமில்ல." சரி என்றேன்.

திருவனந்தபுரத்தில் தெரியாத ஒரு கடைக்காரரிடம் காட்டியது எளிதாக இருந்தது. தெருவில் நாளைக்கும் எதிரே வரப்போகிறவளிடம் சொல்வது அப்படியில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தேன். மைனி அதை வாங்கி வைத்துவிட்டு, பையைத் திறந்து கேமராவை எடுத்தார். இரண்டு வருடத்தில் அவர் அதைத் தானாகக் கையில் எடுத்தது அதுவே முதல்முறை.

"இதுல வேகம் எங்க காட்டும்?" என்றார்.

காட்டினேன். குழித்துறை வரும்வரை எதிர் இருக்கையையும் ஜன்னலையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணை வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்தார்.