மேடையில் கொடுத்த இருபது பைகள்

அந்த ஜவுளிக்கடை முதலாளியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் மலேசியாவில், மலாக்காவை ஒட்டிய செங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். வேலை முடிந்த பிறகு அங்கிருந்த கம்ப்யூட்டரிலேயே தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓர் இணையத்தளம் செய்தேன். கணக்கு, அறிவியல், மாதிரிக் கேள்விகள் எல்லாம் இருந்தன. பார்க்கத்தான் ஆளில்லை. புதிர்ப்போட்டி வைத்து, வெல்லும் இருபது பேருக்குப் புத்தகப்பை கொடுத்தால் எட்டிப் பார்ப்பார்கள் என்று நினைத்து, பைச் செலவை ஏற்கும் ஆதரவாளர் தேடி மலாக்கா டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

அப்படி நான் கேட்டிருந்த இந்த ஜவுளிக்கடை முதலாளி, கோயில் திருவிழா மேடையில் மைக்கைப் பிடித்து, "இருபது பையும் என் செலவு" என்றார். ஒரே கைதட்டல். ஆளுயர மாலை போட்டார்கள். அதை நம்பி நானும் புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளிகளுக்குப் போய் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆசிரியர்கள் கேள்விகளை அச்செடுத்துத் தர, பிள்ளைகள் விழுந்து விழுந்து எழுதினார்கள்.

பைதான் வரவில்லை. கடைக்குப் போகும்போதெல்லாம், "அடுத்த வாரம் வாம்மா." ஏழாவது முறை, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது கத்தினார். "எஸ்டேட் புள்ளைங்களுக்கு எதுக்குலா இன்டர்நெட்டு? மேடையில பேசுனதையெல்லாம் புடிச்சிக்கிட்டு வந்துடுறதா?" இரண்டு வெள்ளி நோட்டு ஒன்றை, அதாவது இரண்டு ரிங்கிட்டை, மேசையில் வீசி, "பஸ் காசு, எடுத்துக்கிட்டுப் போ" என்றார். நான் அதைத் தொடவில்லை. என் வீடு இருந்த கிளேபாங்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அழுதேன்.

மறுநாள் அவர் மாலையோடு நிற்கும் படத்தை ஸ்கேன் செய்து, வெற்றியாளர் பக்கத்தின் உச்சியில் போட்டேன். "தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இந்தத் தாளுடன் முதலாளியின் கடைக்கு வந்து பரிசைப் பெற்றுக்கொள்ளவும்" என்று கீழே எழுதினேன். ஆசிரியர்கள் அதையும் அச்செடுத்துக் கொடுத்தார்கள்.

இருபது பிள்ளைகளும் அப்பா அம்மாவோடு தோட்டத்து லாரியில் வந்து இறங்கினார்கள். கடையில் கால் வைக்க இடமில்லை. இருபது கைகளிலும் அவர் முகம். சேலை எடுக்க வந்த ஓர் அம்மா, "பெரிய மனசு முதலாளி உங்களுக்கு!" என்றார். முதலாளி பல்லைக் காட்டினார். கண் என்னைத் தேடியது. நான் அவர் கடையில் பைகள் தொங்கும் மூலையில் நின்று, "புடிச்சதா பாத்து எடுங்கய்யா, வெல பாக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சக்கரம் வைத்த பைகளை நானே இறக்கிக் கொடுத்தேன். அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க எனக்கு இனித்தது. ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்த வருடம் தீபாவளிக்கு வெகு முன்பே ஆபீசுக்குப் போன் வந்தது.

"இந்த வருஷம் எத்தனை பைன்னு சொல்லும்மா. நானே ஸ்கூலுக்குக் கொண்டாந்து குடுத்துடுறேன். கடைக்கு மட்டும் யாரையும் அனுப்பாத."

நாற்பது என்றேன்.