நூற்றுப்பத்துக்கு எழுபது

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் குக்கர். இஸ்திரிப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. மூன்று மாத்திரை போட்டும் இரத்த அழுத்தம் இறங்காது, வாயும் இறங்காது. அவள் கத்தினால் என்ன நியாயம் என்று யாரும் கேட்பதில்லை. "பிரஷர் ஏறிடுச்சு" என்பார்கள், அவ்வளவுதான்.

இதைத் தனக்குத் தோதாக்கிக்கொண்டவர் மேலாளர். அவளுடைய கணவனின் அண்ணன் வேறு. ஒரு கல்யாண கவுன்மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டுப் போனில் சிரித்துக்கொண்டிருந்தார் மனிதர். கவுன் கருகியது. பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டார்.

"நான் தொடவே இல்ல!" என்று அவள் அலறினாள்.

"பாத்தீங்களா? இவகிட்ட இஸ்திரிப்பெட்டிய நம்பிக் குடுக்கலாமா?" என்றார். அன்றே துணி மடிக்கும் மேசைக்கு மாற்றப்பட்டாள். கணவனோ, "அவளுக்கு பிரஷர்ணே, மனசுல வெச்சுக்காதீங்க" என்று அண்ணனைச் சமாதானப்படுத்தினான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

பிறகுதான் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கட்டி. ஹார்மோனைக் கண்டபடி சுரந்து அழுத்தத்தை ஏற்றியது அதுதானாம். சிடுசிடுப்பில்கூட அதற்குப் பங்கு இருக்கலாமாம். கட்டியோடு சுரப்பியையும் எடுத்தார்கள். அழுத்தம் சட்டென்று விழுந்தது. இத்தனை நாள் சும்மா கிடந்த மறு சுரப்பி விழித்துக்கொள்ளும்வரை ஹார்மோன் மாத்திரை. வேகமாக எழுந்தால் கண் இருட்டும்.

"கட்டி போச்சு, கோபமும் போச்சு" என்று மேலாளர் ஊரெல்லாம் சொல்லிவைத்தார். அவள் மறுக்கவில்லை. கோபம் போகவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். முன்பு பொங்கி வழிந்தது, இப்போது அடியில் நின்று கொதித்தது. வஞ்சம் தீர்க்க அதுதான் சரியான சூடு.

வேலைக்குத் திரும்பிய அன்று காலை, முதலாளியம்மா உட்பட எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவள் பையிலிருந்து அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்து, அதன் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"என்ன குக்கர், விசில் வருதா?" என்றார் மேலாளர்.

"நூத்திப்பத்துக்கு எழுபது. எல்லாரும் பாத்துக்கோங்க." குரலை உயர்த்தவே இல்லை. "அந்த கவுன எரிச்சது இவர்தான். போன்ல பேசிக்கிட்டே எரிச்சாரு. அன்னிக்கு நான் கத்திச் சொன்னது உண்மை. இன்னிக்கு நிதானமா சொல்றதும் அதே உண்மை."

யாரும் "பிரஷர்" என்று சொல்லவில்லை. சொல்ல வழியில்லை.

"பொய்! இவளுக்கு மூளையும் கலங்கிடுச்சு!" மேலாளர் போட்ட சத்தத்தில் டீ சிந்தியது.

அவள் பட்டையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். "மெதுவா பேசுங்க அத்தான். உங்களுக்கு பிரஷர். யாரும் மனசுல வெச்சுக்க மாட்டோம்."

முதலாளியம்மா மேலாளரையே பார்த்தார். "அவ கட்டிக்கிட்டுதானே சொன்னா? நீங்களும் கட்டிக்கிட்டு, நான் எரிக்கலன்னு சொல்லுங்க."

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.