ஒரு கோடு தண்ணீர்

“...சரி, கஞ்சி வேணாம். அதுக்காக ஆளும் வேணாம்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாரா, நூரு?”

பாதி சாத்தியிருந்த என் தையல் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு பிலோமினா சிஸ்டர் கேட்டார். நோன்பு திறக்க இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. அவர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி நாலு நாளாகியிருந்தது. அந்த நாலு நாளும் அவர் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டிருந்தேன். ஏன் என்று முதலிலிருந்து சொல்கிறேன். வீட்டில் இதய நோயாளி இருப்பவர்களுக்கு என் தப்பு ஒரு பாடமாகட்டும்.

சிஸ்டர் பூதலூர்க்காரர், ரயில்வே கேட்காரரின் மகள். முப்பது வருடத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தார், பெரும்பாலும் பிரசவ அறையில். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், “நைட் டூட்டிக்கு அனுப்புற மாப்பிள்ளை எந்த ஊர்லயும் பொறக்கல” என்பார். நலம் விசாரித்துக்கொண்டே யார் கையையாவது பிடித்தால் நாடி பார்க்கிறார் என்று அர்த்தம்.

என் தலைப்பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. எல்லோரும் என்னை அழாதே என்றார்கள். அவர் மட்டும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, “நீ அழு. யாராச்சும் வாயை மூடச் சொன்னா நான் பாத்துக்கறேன்” என்றார். அப்போது அவருக்கு டூட்டி முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றிலிருந்து அவர் சொல்வதையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவள் நான். ஓய்வு பெற்றபின் குடவாசலில் என் கடைக்கு எதிர் வீட்டுக்கே குடிவந்தார்.

முதல் அறிகுறி செருப்பு. காலையில் சரியாக இருக்கும் வார் சாயங்காலம் பிடிக்கும். “வயசாச்சுல்ல” என்றார். பிறகு இரண்டு தலையணை, மூன்று தலையணை. மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டியது. கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. ஊருக்கெல்லாம் நாடி பார்த்தவர், தன் கால் பள்ளத்தை ஒரு மாதம் சேலைக்குள் மறைத்தார்.

தஞ்சாவூரில் எக்கோ எடுத்தார்கள் (ஒலி அலையால் இதயத்தின் அசைவைப் பார்க்கும் பரிசோதனை). இதயச் செயலிழப்பு என்றார் டாக்டர் (இதயம் நின்றுவிட்டதென்று பொருளல்ல, இரத்தத்தை வேண்டிய வேகத்தில் தள்ள அதற்குத் தெம்பில்லை, அதனால் உடம்பில் நீர் தேங்கும்).

“வடிகால் தூந்து போச்சுங்கறீங்க” என்றார் சிஸ்டர்.

“அதேதாம்மா. தண்ணி குறைச்சுப் பாயணும், உப்பும் குறையணும்.”

ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், அவ்வளவுதான். ஒரு லிட்டர் பாட்டிலில் மார்க்கர் பேனாவால் ஐந்து கோடு போட்டுக்கொண்டார். ஒரு கோடு ஒரு டம்ளர். பங்குனி வெயிலில் அது எவ்வளவு கொடுமை என்பதை அவர் உதட்டைப் பார்த்தால் தெரியும். “தாகத்துக்கு ஊசி கிடையாது” என்பார். தினமும் காலையில் எடை பார்த்து எனக்குக் கதவிலிருந்தே விரலால் காட்டுவார். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள்.

அப்போதுதான் நோன்பு மாதம் வந்தது. என் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம், மகன் குவைத்தில். தினமும் பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வாங்கி, சிஸ்டர் வீட்டில் போய் உட்கார்ந்து நோன்பு திறப்பேன். அவருக்கும் ஒரு கிண்ணம். கஞ்சி சாப்பாடு, தண்ணீர் பாட்டிலில் இருப்பது: என் கணக்கு இப்படித்தான் ஓடியது. உப்பை நினைக்கவே இல்லை. காலையில் அவர் எடையை விரலால் காட்டுவது நின்றுபோனதையும் கவனிக்கவில்லை.

பத்தாம் நோன்பன்று அவரால் வாசல்படி ஏற முடியவில்லை. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கஞ்சிக்கு வந்ததும் அவர் பேனாவை மூடிவிட்டு சிஸ்டரைப் பார்த்தார். “இவங்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாதா?”

“தெரியும் சார்.”

“பின்னே?”

“நோன்பு தொறக்கையில எதிர்ல ஒரு ஆள் வேணும் சார். சும்மா உக்காந்திருந்தா இவ சாப்பிட மாட்டா.”

இன்னொரு தடவை இப்படி வீங்கினால் இதயம் தாங்காது என்றார் டாக்டர். சென்னையிலிருந்து வந்த அண்ணன் மகள், “எங்ககூட வந்துடுங்க அத்தே” என்றாள். சிஸ்டர் மாட்டேன் என்றார். அந்தப் பெண் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கஞ்சி, ரசம், மோர், டீ, தர்ப்பூசணி எல்லாமே தண்ணீர்தான். பிரியத்தோடு கொடுத்தால் அளவு குறைந்துவிடாது. இதை எழுதி உங்கள் அடுப்படியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார். வாய்க்காலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தார், சம்பா நடவைப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குப் புறப்படச் சேலைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். கஞ்சியால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். “அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா” என்றார். அந்த பதிலோடுதான் இருக்கிறேன்.

இப்போது என் பொழுதும் அவருடைய பாட்டில்போல ஐந்து கோடாகத்தான் கழிகிறது. வெறும் டம்ளரைத் தூக்கினாலும் கைக்கு எடை தெரிகிறது. படுக்கப்போகும்முன் என் கணுக்காலை அழுத்திப் பார்க்கிறேன். பள்ளம் விழுவதில்லை. இந்த வருட நோன்பில் தாகம் எடுக்கும்போதெல்லாம், இது எனக்குச் சாயங்காலம் தீர்ந்துவிடும், அவருக்குத் தீரவே இல்லையே என்று தோன்றுகிறது. எதிர் வீட்டுக் கதவில் வேறு யாரோ பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

முதலில் சொன்னேனே, அன்று கடை வாசலில் அவர் அப்படிக் கேட்டதும், கஞ்சித் தூக்கை மெஷினுக்குப் பின்னால் தள்ளினேன். அவர் துணிமூட்டையை ஒதுக்கிவிட்டு எனக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் அவருடைய பாட்டில். அதில் காலையிலிருந்து குடிக்காமல் மீத்துவைத்த ஒரு கோடு தண்ணீர் இருந்தது. அதை டம்ளரில் ஊற்றி என் முன்னால் இருந்த பேரீச்சம்பழத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வறண்ட உதட்டை நாக்கால் ஒருமுறை தடவிக்கொண்டு, டம்ளரைத் தொடாமல், பாங்குச் சத்தத்துக்காகப் பள்ளிவாசல் பக்கம் காதைத் திருப்பினார்.