ரோபோவுக்குக் கிடைத்த விடுமுறை

சிறுவர் பக்கத்துக்குச் சொற்களின் கதை எழுதுவது எளிது. அதைப் பிள்ளைகளுக்கு நேரில் சொல்லப் போவதுதான் வம்பு. என்னைப் போல் எழுதி மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரியும்.

அழைப்பு

ஓசூரில் எங்கள் மாடிவீட்டு மஞ்சுநாத், கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஆயுத பூஜையன்று தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் புது ரோபோ கை லட்டு எடுத்துக் கொடுக்கும் என்று மகள் காவ்யாவிடம் சொல்லிவிட்டார். அவள் அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டாள். மஞ்சுநாத் என்னையும் கூப்பிட்டார். "ரோபோங்கற பேரு எங்கிருந்து வந்துச்சுன்னு ரெண்டு வார்த்தை பேசுங்க சார். லட்டு வர்ற வரைக்கும் யாரும் எழுந்து போக மாட்டாங்க."

பொட்டு

பூஜையில் எல்லா மெஷினுக்கும் சந்தனம் வைத்தார்கள். ரோபோவுக்கு நெற்றி எது என்று தேடிய ஃபிட்டர் பெருமாள், முன்னால் பளபளத்த கண்ணாடி வட்டத்தில் தாராளமாக அப்பினார்.

மஞ்சுநாத் பட்டனை அழுத்தினார். கை அசையவில்லை, சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. காவ்யா அப்பாவைப் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் காவ்யாவைப் பார்த்தார்கள். பெருமாள் அலட்டிக்கொள்ளவில்லை. "பூஜை போட்ட அன்னிக்கு என் ஸ்பேனரே பெட்டிய விட்டு இறங்காது. இத மட்டும் வேலை வாங்கினா எப்படிப்பா?"

நான் பேசியது

மஞ்சுநாத் பெங்களூரு சர்வீஸ் என்ஜினியருக்கு வீடியோ கால் போட்டபடி, பேசச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். பேசினேன். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய வேலை. ரோபோ அதிலிருந்து வந்தது. ஸ்லோவாக், போலிஷ் மொழிகளில் அதே சொல்லுக்கு வெறும் வேலை என்றுதான் பொருள். ரஷ்ய மொழியில் 'ரபோட்டா', அதுவும் வேலைதான். ஜெர்மன்காரர்களின் 'ஆர்பைட்' தூரத்துச் சொந்தம். வேர் வரை தோண்டினால் அடிமை என்று வருகிறது.

கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "கூலியும் இல்ல, பூஜைக்கு லீவும் இல்லையா? அதான் கோவிச்சுக்கிச்சு."

லட்டு

என்ஜினியர் போனில் உற்றுப் பார்த்து, "சென்சார் மேல என்ன சார் அது, மஞ்சளா?" என்றார். சந்தனத்தைத் துடைத்ததும் விளக்கு பச்சையானது. மஞ்சுநாத் பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனார். "வேணாம் அங்கிள், அதுக்கு லீவு குடுங்க" என்றார்கள் பிள்ளைகள். காவ்யாவும் தலையாட்டினாள்.

முதல் லட்டை ரோபோவின் முன் வைத்துவிட்டு, மஞ்சுநாத் அதன் பக்கத்தில் நின்று, அதைப் போலவே இடுப்பைத் திருப்பி, கையை மடக்கி நீட்டி, எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மானம் தப்பிய காவ்யா மறுபடியும் வரிசையில் வந்து நின்றாள். "அப்பா, ரோபோன்னா இன்னும் வேகமா குடுத்திருக்கும்."

ஐரோப்பாவில் கூலியில்லாமல் உழைக்கப் பிறந்த சொல்லுக்கு ஓசூரில்தான் ஒருநாள் விடுமுறையும் ஒரு லட்டும் கிடைத்தன.